ஹம்மிங்பேர்ட் வெறும் தேன் குடித்தா வாழ்கிறது?

ஏப்ரல் கடைசியில் கனடாவின் ஒன்டாரியோ பக்கம் போனால் மரங்களில் இலைகூடச் சரியாக விட்டிருக்காது, குளிரும் முழுசாகப் போயிருக்காது. அந்த நேரத்தில்தான் ரூபி த்ரோட்டட் ஹம்மிங்பேர்ட் என்ற சின்னக் குருவி, மெக்சிகோவிலும் அதற்குத் தெற்கே உள்ள நாடுகளிலும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு ஒவ்வொன்றாக ஊர் திரும்பத் தொடங்கும். ஆண்கள் முதலில் வரும், பெண்கள் கொஞ்ச நாள் கழித்து. பூந்தேன் குடித்து வாழும் பறவை என்றுதான் எல்லோரும் இதைப் பற்றிப் படித்திருப்போம். அப்படியானால் பூ இன்னும் பூக்காத ஊருக்கு இவ்வளவு சீக்கிரம் வந்து என்ன சாப்பிடும்?

அங்கே கைகொடுப்பது ஒரு மரங்கொத்தி. மஞ்சள் வயிற்று சாப்சக்கர் என்று பெயர். இது பிர்ச், மேப்பிள் போன்ற மரங்களின் பட்டையில் வரிசை வரிசையாகச் சின்ன ஓட்டைகள் போட்டு, அதில் ஊறி வரும் சாற்றை நக்கிக் குடிக்கும். அந்தச் சாற்றில் இருக்கும் சர்க்கரையும் பூந்தேனில் இருக்கும் சர்க்கரையும் பெரும்பாலும் ஒன்றுதான், அதனால் ஹம்மிங்பேர்டுக்கு அது போதும். சாப்சக்கர் எந்த மரத்தில் வேலை செய்கிறது என்று பார்த்து அதன் பின்னாலேயே சுற்றும், அது நகர்ந்ததும் ஓட்டைக்கு முன்னால் பறந்தபடி நின்று குடிக்கும். இன்னொன்றும் அங்கே கிடைக்கிறது. சாறு வடியும் இடத்தில் சின்னச் சின்னப் பூச்சிகள் மொய்க்கும், சில அதிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஹம்மிங்பேர்ட் அவற்றையும் பொறுக்கித் தின்னும்.

இந்த ஒரு காட்சியிலேயே ஹம்மிங்பேர்டின் சாப்பாடு மொத்தமும் அடங்கிவிடுகிறது: சர்க்கரைத் தண்ணீர், அதோடு பூச்சி. சர்க்கரையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். பூச்சியைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை, படம் எடுப்பவர்களுக்கும் பூவுக்கு முன்னால் நிற்கும் குருவிதான் வேண்டும். ஆனால் என்னைக் கேட்டால் இந்தப் பறவையைப் புரிந்துகொள்ள பூச்சியிலிருந்து ஆரம்பிப்பதுதான் சுலபம்.

அதற்கு முன் ஆளை அறிமுகப்படுத்திவிடுகிறேன். ஹம்மிங்பேர்டில் 360-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு, அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான். வடக்கே அலாஸ்காவிலிருந்து தெற்கே தென்னமெரிக்காவின் கடைக்கோடி வரை. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ செம்பருத்திச் செடிக்கு வரும் பளபளப்பான குட்டிக் குருவியைப் படம் பிடித்து 'எங்கள் வீட்டில் ஹம்மிங்பேர்ட்' என்று போடுகிறார்களே, அது தேன்சிட்டு. வேறு குடும்பம், உறவே கிடையாது. சாயங்காலம் பூவின் முன் இறக்கை தெரியாத வேகத்தில் நின்று தேன் குடிக்கும் ஒன்றைப் பார்த்திருந்தால் அது பறவைகூட இல்லை, ஒருவகை அந்துப்பூச்சி.

அந்த 360-இல் வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில், அதாவது மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே, குஞ்சு பொரிக்கும் ஒரே இனம் இந்த ரூபி த்ரோட்டட். நியூ ஜெர்சியிலோ டொராண்டோவிலோ இருக்கும் நம்மவர்கள் வீட்டுத் தோட்டத்தில் ஹம்மிங்பேர்ட் பார்த்தால் அது அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். எடை சுமார் 3 கிராம், நம் ஒரு ரூபாய் நாணயத்தின் எடை அவ்வளவுதான். முதுகு பச்சை. ஆணுக்குத் தொண்டையில் மாணிக்கச் சிவப்பு, ஆனால் அது சாயத்தால் வரும் சிவப்பு அல்ல, இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வருவது. அதனால் கோணம் மாறினால் அதே தொண்டை வெறும் கறுப்பாகத் தெரியும். இறக்கை நொடிக்கு ஐம்பது தடவைக்கு மேல் அடிக்கும். கால்கள் மிகக் குட்டை, கிளையில் உட்கார மட்டும்தான் உதவும், நடக்கத் தெரியாது. பக்கத்துக் கிளைக்குப் போகவும் பறந்தாக வேண்டும்.

சரி, பூச்சிக்கு வருவோம். ஹம்மிங்பேர்டின் நெருங்கிய சொந்தம் யார் தெரியுமா? உழவாரன். நம்மூரில் பனைமரத்தைச் சுற்றிச் சுற்றிப் பறக்குமே, அந்தப் பனை உழவாரனின் குடும்பம்தான். உழவாரன்கள் பூவை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, ஆகாயத்தில் பறந்தபடியே பூச்சி பிடித்துத் தின்பவை. இரண்டுக்கும் பொதுவான மூதாதையும் அப்படித்தான் பூச்சி தின்று வாழ்ந்திருக்க வேண்டும். அதாவது ஹம்மிங்பேர்ட் பூச்சி தின்னும் குடும்பத்தில் பிறந்து, பின்னாளில் சர்க்கரைக்குப் பழகிய பறவை. தேன்தான் புதுப் பழக்கம், பூச்சி பரம்பரைச் சாப்பாடு.

இதற்கு ஒரு அருமையான சாட்சி அதன் நாக்கிலேயே இருக்கிறது. நமக்கு இனிப்பு தெரிவது நாக்கில் உள்ள இரண்டு புரதங்கள் ஜோடி சேர்ந்து சர்க்கரையைப் பிடிப்பதால். அந்த ஜோடியில் ஒன்று பறவைகளுக்கு இல்லவே இல்லை, பரிணாமத்தில் எப்போதோ தொலைந்துவிட்டது. கோழிக்குச் சர்க்கரையைப் போட்டுப் பாருங்கள், அதற்கு ஒரு சந்தோஷமும் இருக்காது. அப்படியென்றால் ஹம்மிங்பேர்டுக்கு இனிப்பு எப்படித் தெரிகிறது? 2014-இல் மாட் பால்ட்வின் என்ற பெண் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதைக் கண்டுபிடித்தார்கள். இறைச்சி, பூச்சி போன்றவற்றின் சுவையை, அதாவது உமாமி என்கிறோமே அதை, உணர்வதற்கென்று இருந்த வேறொரு புரத ஜோடி ஹம்மிங்பேர்டில் கொஞ்சம் கொஞ்சமாக மாறி, சர்க்கரையைப் பிடிக்கப் பழகிவிட்டதாம். தொலைந்த கருவிக்குப் பதில் பூச்சி ருசிக்கும் கருவியையே இனிப்புக்கும் திருப்பிக்கொண்டிருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை, அது நம் கருவி இல்லை என்பதால் நம்மை ஏமாற்றும் செயற்கை இனிப்பு அதை ஏமாற்றாது. டயட் பானங்களில் போடும் அஸ்பார்டேம் கலந்த தண்ணீரை வைத்தால் இது வெறும் தண்ணீரைப் போலத்தான் நடத்துகிறது, சீந்துவதில்லை.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் சர்க்கரைக்கு மாற வேண்டும்? பறக்கும் விதம்தான் காரணம். மற்ற பறவைகள் இறக்கையைக் கீழே அடிக்கும்போதுதான் தூக்குவிசை பெரும்பாலும் கிடைக்கும். ஹம்மிங்பேர்ட் மேலே கொண்டுபோகும்போதும் தூக்குவிசையில் கால் பங்கு வரை எடுத்துக்கொள்கிறது, அதனால்தான் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கவும் பின்னால் பறக்கவும் முடிகிறது. ஆனால் அப்படி நிற்பதற்கு ஆகும் செலவு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு கிராம் உடம்புக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால், முதுகெலும்புள்ள பிராணிகளில் இதை விஞ்ச ஆளே கிடையாது என்று சொல்லலாம், முழு வேகத்தில் ஓடும் தடகள வீரரைவிடப் பத்து மடங்கு அளவுக்குப் பிராணவாயு செலவாகிறது. இதயம் நிமிடத்துக்கு 1,000 தடவைக்கு மேல் துடிக்கும். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் எரிபொருள் சர்க்கரைதான், அதுவும் கரைத்து வைத்த சர்க்கரை.

குடித்த சர்க்கரை அரைமணி, முக்கால் மணி நேரத்துக்குள் தசைக்குப் போய் எரிய ஆரம்பித்துவிடுகிறது. நாம் சாப்பிடும் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். குளுக்கோஸை நம் தசைகள் நேரடியாக எரிக்கும். ஃப்ரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலுக்குப் போய் உருமாறித்தான் வர வேண்டும். ரூபி த்ரோட்டடுக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை, ஃப்ரக்டோஸை மட்டும் கொடுத்தாலும் அதை வைத்தே பறந்தபடி நிற்கிறது என்று டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்தில் செய்த ஆய்வில் தெரிந்தது. இரத்தச் சர்க்கரை அளவைக் கேட்டால் நம்மூர் ஆட்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். சாப்பிடாமல் இருக்கும்போதே 300 வாக்கில் இருக்கும், தேன் குடித்த பிறகு 700-ஐத் தாண்டும், நம் ஆய்வகச் சீட்டில் போடும் அதே மில்லிகிராம் கணக்கில்தான் சொல்கிறேன். மனிதனுக்கு இது உயிராபத்தான அளவு. இது பாட்டுக்கு ரீங்காரம் போட்டுக்கொண்டு திரிகிறது.

தேன் குடிக்கும் முறையும் நாம் நினைப்பது போல இல்லை. அலகை உறிஞ்சு குழலாக வைத்து இழுக்கிறது என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் அது நக்குகிறது, நொடிக்குப் பத்துப் பதினைந்து தடவை. நாக்கு நீளமானது, அதைத் தாங்கும் எலும்பு மண்டையோட்டின் பின்பக்கமாகச் சுற்றி மேலே வரை வந்திருக்கும், மரங்கொத்திக்கு இருப்பதைப் போலவே. நாக்கின் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். மெல்லிய குழாய்க்குள் நீர் தானாக ஏறுமே, அதே தத்துவத்தில்தான் நாக்கின் பள்ளங்களில் தேன் ஏறுகிறது என்று சுமார் 180 வருடமாக நம்பிக்கொண்டிருந்தார்கள். கொலம்பியாவைச் சேர்ந்த அலெஹாந்த்ரோ ரிக்கோ கெவாராவுக்கு அதில் சந்தேகம் வந்தது. கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் செயற்கைப் பூக்களைச் செய்து, அதிவேகக் கேமராவை வைத்துப் படம் பிடித்துப் பார்த்தார். 2011-இலும் 2015-இலும் வந்த அவருடைய கட்டுரைகளின்படி நடப்பது இது: அலகிலிருந்து வெளியே வரும்போதே நாக்கு நசுங்கித் தட்டையாகிவிடும், தேனைத் தொட்டதும் சட்டென்று விரிந்து பழைய உருவத்துக்கு வரும், விரிகிற வேகத்தில் தேன் உள்ளே இழுபடும், நுனியின் ஓரத்தில் உள்ள மெல்லிய சவ்வுகள் உள்ளே இழுக்கும்போது மூடிக்கொண்டு தேனைச் சிந்தாமல் பிடித்துவைக்கும். ஒரு குட்டி பம்ப் என்றே வைத்துக்கொள்ளலாம். குழாயில் நீர் ஏறுவதற்காகக் காத்திருந்தால் இந்த வேகம் கிடைக்கவே கிடைக்காது.

பூக்களின் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தப் பறவையை நம்பியே சில பூக்கள் உருவம் மாறியிருக்கின்றன. ட்ரம்பெட் க்ரீப்பர் என்ற கொடி, கார்டினல் ஃப்ளவர், பவள நிற ஹனிசக்கிள் எல்லாம் இதற்கென்றே அளவெடுத்துச் செய்தவை: நீளமான குழல், சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறம், வாசனை கிடையாது, உட்கார இடமும் கிடையாது. தேனீக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, அதனால் சிவப்பாக இருப்பது ஒரு வகையில் தேனீயைத் தள்ளிவைக்கும் ஏற்பாடு. நம்மூர்க் காசித்தும்பைக்கு அங்கே ஒரு பங்காளி உண்டு, ஜுவல்வீட் என்பார்கள், ஈரமான இடங்களில் ஆரஞ்சு நிறத்தில் தொங்கும். கோடைக் கடைசியில் ரூபி த்ரோட்டட் தெற்கே கிளம்பும் நேரமும் இந்தப் பூ கொத்துக்கொத்தாகப் பூக்கும் நேரமும் ஒத்துப்போகும். அதற்காகச் சிவப்புப் பூ மட்டும்தான் வேண்டும் என்று இந்தக் குருவி அடம்பிடிப்பதில்லை, நல்ல தேன் எங்கே இருக்கிறது என்று கற்றுக்கொள்ளும், வெள்ளைப் பூவில் கிடைத்தால் வெள்ளைப் பூவுக்கும் போகும்.

ஒரு பூவில் இருக்கும் தேன் ஒரு துளிகூட வராது. அதனால் நாளெல்லாம் நூற்றுக்கணக்கான பூக்களைத் தேடிப் போக வேண்டும், சில நாட்களில் அது ஆயிரத்தைத் தாண்டும். குடித்து முடித்த பூவுக்கே உடனே திரும்பப் போனால் வீண் செலவு. எந்தப் பூ எப்போது மறுபடி நிறையும் என்பது ஞாபகம் இருக்க வேண்டும், இருக்கிறது. கனடாவின் ராக்கி மலைப் பகுதியில் ரூஃபஸ் என்ற வேறொரு ஹம்மிங்பேர்டை வைத்து 2006-இல் ஒரு சோதனை வெளியானது. எட்டு செயற்கைப் பூக்கள். அதில் நான்கைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறையும் மற்ற நான்கை இருபது நிமிடத்துக்கு ஒருமுறையும் நிரப்பினார்கள். கொஞ்ச நாளில் குருவிகள் எது சீக்கிரம் நிறையும், எது தாமதமாக நிறையும் என்று பிரித்துத் தெரிந்துகொண்டு அதற்கேற்ற நேரத்தில் வந்தன. அவ்வளவு சின்ன மூளைக்கு இது பெரிய கணக்குதான். நல்ல பூக்கள் இருக்கும் இடம் ஒரு சொத்து என்பதால் அதற்காக அடித்துக்கொள்வதும் உண்டு. பார்க்க அழகாக இருக்கிறதே என்று சாது என்று நினைத்துவிட வேண்டாம், தன்னைவிடப் பல மடங்கு பெரிய பறவையைக்கூடத் துரத்தும், தன் இனத்தை என்றால் கேட்கவே வேண்டாம்.

இதுவரை சொன்னது எல்லாம் எரிபொருள் கதை. உடம்பைக் கட்டுவது வேறு கதை. பூந்தேனில் சர்க்கரையும் தண்ணீரும் போக மிச்சம் இருப்பது ரொம்பச் சொற்பம். புரதம் கிட்டத்தட்ட இல்லை, கொழுப்பு இல்லை, சுண்ணாம்புச் சத்தும் உப்புகளும் பேருக்குத்தான். இறகு முளைக்க, தசை தேய்ந்தால் சரிசெய்ய, முட்டை போட எல்லாவற்றுக்கும் பூச்சிதான் வேண்டும். அதனால் பழ ஈ, கொசு, அசுவினி, குட்டிச் சிலந்தி என்று தன் வாய்க்கு அடங்கும் எதையும் பிடிக்கும். சிலதை ஆகாயத்தில் பறந்தபடி, உழவாரன் சொந்தம் என்பதை நிரூபிப்பதுபோல. சிலதை இலையின் அடியிலிருந்து பொறுக்கி. சிலதைச் சிலந்தி வலையிலிருந்து திருடி, சமயத்தில் வலைக்குச் சொந்தக்காரச் சிலந்தியையும் சேர்த்து.

ஊசிபோல் இருக்கும் அலகால் பறக்கும் பூச்சியை எப்படிப் பிடிக்க முடியும் என்று கேட்கலாம். ஆய்வாளர்களுக்கும் இந்தக் கேள்வி இருந்தது. பூவுக்கு ஏற்ற அலகு, பூச்சிக்கு ஏற்றதல்ல என்றே நினைத்திருந்தார்கள். 2004-இல் வெளியான அதிவேகப் படங்களில் பார்த்தபோது, வாயைத் திறக்கும்போது கீழலகு நடுவிலேயே கீழ்நோக்கி வளைகிறது, வாயின் அடிப்பகுதியும் அகலமாக விரிகிறது. பூச்சி மாட்டுவது நுனியில் இல்லை, உள்ளே அந்த அகலமான இடத்தில். 2011-இல் அதன் இயக்கவியலையும் கணக்கிட்டார்கள். வளைந்த அலகில் விசை சேர்ந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் படக்கென்று தானாக மூடிக்கொள்கிறது, நொடியில் நூறில் ஒரு பங்கைவிடக் குறைவான நேரம். எலும்பு வளையும் என்பதே எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

பூச்சி எவ்வளவு முக்கியம் என்பது கூட்டில்தான் நன்றாகத் தெரியும். கூடு கட்டுவது, அடைகாப்பது, வளர்ப்பது எல்லாமே பெண்தான், ஆண் சேர்க்கை முடிந்ததும் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும். கூடு 5 செ.மீ. அகலம்கூடச் சரியாக இருக்காது. பஞ்சு போன்ற செடி நார்களைச் சிலந்தி நூலால் கட்டி, வெளியே மரப்பாசித் துணுக்குகளை ஒட்டி வைக்கும். சிலந்தி நூல் இழுபடும் என்பதால் குஞ்சுகள் வளர வளரக் கூடும் விரிந்துகொடுக்கும். முட்டை அநேகமாக இரண்டு. குஞ்சு பொரித்து மூன்று வாரத்துக்குள் அரை கிராம் தேறாத ஒரு உயிரை இறகு முளைத்த முழுப் பறவையாக்க வேண்டும், அதற்குச் சர்க்கரை எப்படிப் போதும்? தாய் நாளெல்லாம் பூச்சியும் சிலந்தியும் பிடித்து, கொஞ்சம் தேனோடு சேர்த்து, தன் நீளமான அலகைக் குஞ்சின் தொண்டைக்குள் விட்டுக் கக்கிக் கொடுக்கும். முதல் தடவை பார்க்கிறவர்களுக்குக் குத்திக் கொல்கிறதோ என்று பயமாகத்தான் இருக்கும்.

பூச்சியும் சும்மா விடுவதில்லை. தோட்டத்துக் கும்பிடுபூச்சி ஹம்மிங்பேர்டையே பிடித்துத் தின்பது பலமுறை பதிவாகியிருக்கிறது, அதுவும் பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் பாத்திரத்தில் காத்திருந்து.

ராத்திரிதான் பெரிய சிக்கல். நாள் முழுக்கக் குடித்துக்கொண்டே இருக்கும் பறவை, எட்டுப் பத்து மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் எப்படித் தாக்குப்பிடிக்கும்? கையிருப்பு போதாத இரவுகளில் உடம்பையே அணைத்துப்போட்டுவிடும். சாதாரணமாக 40 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும் உடல் வெப்பம் சுற்றியிருக்கும் காற்றின் வெப்பம் வரை இறங்கிவரும், இதயத் துடிப்பு சில பத்துகளுக்குக் குறைந்துவிடும், தொட்டால்கூட அசையாது. பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையில் பிளாக் மெட்டல்டெயில் என்ற இனத்தில் உடல் வெப்பம் 3.3 டிகிரிக்கு இறங்கியதை 2020-இல் பதிவு செய்தார்கள். காலையில் உடம்பை நடுங்கவைத்துச் சூடேற்றி, முதல் வேலையாகத் தேன் தேடிப் போகும். ரூபி த்ரோட்டடைப் பற்றி மேலே சொன்ன அதே ஸ்கார்பரோ வளாகத்திலிருந்து 2021-இல் வந்த ஆய்வு ஒன்று எனக்குப் பிடித்தது. குஞ்சு பொரிக்கும் காலத்தில், கொழுப்பு ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் மட்டும் இந்தத் தூக்கத்துக்குள் போகும், அதாவது வேறு வழியில்லாத கட்டத்தில். வலசைக்கு முன்னாலோ கொழுப்பு நிறைய இருக்கும்போதும் போகிறது. சேமித்ததை ராத்திரியில் செலவழிக்காமல் காப்பாற்றிக்கொள்ள.

ஏன் அப்படிச் சேமிக்க வேண்டும் என்றால், முன்னால் மெக்சிகோ வளைகுடா இருக்கிறது. சுமார் 800 கி.மீ. தண்ணீர், நடுவில் உட்கார ஒரு கிளை கிடையாது, ஒரு பூ கிடையாது. கரையோரமாகச் சுற்றிப் போகிற குருவிகளும் உண்டு, ஆனால் பல நேராக வளைகுடாவைத் தாண்டுகின்றன, ஏறத்தாழ 20 மணி நேரம் நிறுத்தாமல். கிளம்புவதற்கு முன்னால் சில வாரங்கள் கண்மண் தெரியாமல் சாப்பிட்டு, குடித்த சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றி, 3 கிராம் உடம்பை 6 கிராம் வரைக்கும் ஏற்றிக்கொள்ளும். ஒரு கிராம் கொழுப்பில் ஒரு கிராம் சர்க்கரையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சக்தி இருப்பதால், நீண்ட தூரத்துக்குச் சுமந்துபோக அதுதான் லாபம். கூட்டமாகவும் போவதில்லை, தனித்தனியாகத்தான். அந்த வருடம் பிறந்த குஞ்சுக்கும் வழிகாட்ட யாரும் கிடையாது. இவ்வளவு சின்னப் பறவை கடலைத் தாண்டுமா என்று நம்ப முடியாமல், வாத்தின் முதுகில் ஏறிப் போகிறது என்று அந்த ஊரில் ஒரு கதை சுற்றிக்கொண்டிருந்தது.

இனி, அங்கே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் நடைமுறை விஷயம். வீட்டில் சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாமா என்றால் தாராளமாக வைக்கலாம். கடையில் ஃபீடர் கிடைக்கும். ஒரு பங்கு சாதாரண வெள்ளைச் சர்க்கரை, நான்கு பங்கு தண்ணீர், கரையும் வரை கலக்கி ஆறவைத்து ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். பூந்தேனின் அடர்த்தியும் ஏறத்தாழ இதுதான். நம் வீடுகளில் இங்கேதான் ஒரு நல்லெண்ணம் குறுக்கே வரும்: வெள்ளைச் சர்க்கரை உடம்புக்குக் கெடுதல், கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை போடுவோம், பனைவெல்லம் போடுவோம், மலைத்தேன் போடுவோம் என்று. தயவுசெய்து வேண்டாம். வெல்லத்திலும் நாட்டுச் சர்க்கரையிலும் இரும்புச்சத்து இருக்கும். நமக்கு அது நல்லது, இந்தக் குருவியின் உடம்பில் அது ஈரலில் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தேனைத் தண்ணீரில் கரைத்தால் சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். சிவப்புச் சாயமும் தேவையில்லை, ஃபீடரில் சிவப்பு மூடி இருந்தாலே போதும், அது கண்டுபிடித்துவிடும்.

வெயில் காலத்தில் இரண்டு நாளைக்கு ஒருமுறை பழசைக் கொட்டிவிட்டு, வெந்நீரில் கழுவிப் புதுசு ஊற்ற வேண்டும். கலங்கித் தெரிந்தால் நாள் கணக்குப் பார்க்காமல் உடனே மாற்றிவிட வேண்டும். ஒரே ஒரு ஃபீடர் வைத்தால் ஒரு ரவுடி அதைக் காவல் காத்துக்கொண்டு யாரையும் அண்டவிடாது, ஒன்றிலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியாத மாதிரி வீட்டின் இரண்டு பக்கத்தில் வைத்துவிட்டால் எல்லோருக்கும் கிடைக்கும். ஆனால் நான் ஃபீடரைவிட முக்கியம் என்று சொல்வது செடிகளுக்குப் பூச்சி மருந்து அடிக்காமல் இருப்பதைத்தான். சர்க்கரையை நாம் கொடுத்துவிடலாம், அசுவினியையும் கொசுவையும் நாம் கலக்கி ஊற்ற முடியாது. கனிந்த வாழைப்பழத் தோலை ஃபீடருக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் பழ ஈக்கள் மொய்க்கும், குருவிக்கு அதுவும் விருந்துதான். பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளித்தால் அது வேறு விஷயம்.

செப்டம்பரில் ஃபீடரை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் சாப்பாடு கிடைக்கிறதே என்று தெற்கே போகாமல் தங்கிக் குளிரில் செத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அப்படியெல்லாம் இல்லை. பகல் குறைவதைப் பார்த்து உடம்பே கிளம்பச் சொல்லும், பாத்திரத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து அது முடிவெடுப்பதில்லை. வளர்ந்த ஆண்கள் ஆகஸ்டிலேயே கிளம்பத் தொடங்கிவிடும், கடைசியாக வருபவை பெரும்பாலும் வடக்கிலிருந்து முதல் தடவை இந்த வழியில் போகும் இளசுகள். அதனால் கடைசிக் குருவியைப் பார்த்த பிறகும் இரண்டு வாரம் ஃபீடர் தொங்கட்டும், அப்புறம் கழுவிக் காயவைத்து உள்ளே வைத்துவிடலாம்.